நூல் யாருடையது? பவானி நெசவாளர் கடன், 1895–2025

நிதி உள்ளடக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஊருக்கு வங்கி வந்ததா, வீட்டுக்குக் கணக்கு வந்ததா என்று எண்ணிப் பார்க்கின்றன. அந்த அளவுகோலில் பவானிக்குக் குறையொன்றும் இல்லை. வங்கிக் கிளை, கூட்டுறவுச் சங்கம், அடகுக் கடை எல்லாமே உண்டு. இக்கட்டுரை பின்தொடர்வது வேறொரு கேள்வியை. காவிரியும் பவானியும் கூடும் இவ்வூரில் ஒரு பக்கம் வாய்க்கால் பாசன வயல், இன்னொரு பக்கம் ஜமக்காளத் தறி. இங்கே வந்து சேர்ந்த கடன் சீர்திருத்தங்கள் காட்டுக்காரரை நினைத்து வகுக்கப்பட்டனவா, தறிக்காரரை நினைத்தா?

தொடக்கம் கோவை மாவட்டத்தோடு நெருங்கிய ஒருவரிடமிருந்தே. பவானி அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்து வட்டம். 1979இல்தான் பெரியார் மாவட்டம், இன்றைய ஈரோடு மாவட்டம், தனியாகப் பிரிந்தது. 1887இல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த ஃபிரெடரிக் நிக்கல்சனிடம், விவசாயிகளுக்குக் கடன் தரும் வங்கிகளைச் சென்னை மாகாணத்தில் அமைக்க முடியுமா என்று ஆராயும் பணியை அரசு ஒப்படைத்தது. 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக அவருடைய அறிக்கை வந்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் கிராமந்தோறும் உருவாக்கிய கடன் சங்கங்களே அதன் முன்மாதிரி. ஒருவரையொருவர் அறிந்த உழவர்கள் ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்பது அதன் அடிப்படை. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது, ஊரகச் சங்கம் என்றால் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் உழவராக இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். நெசவாளர் மிகுந்த சங்கம் ‘நகர்ப்புற’ வகைக்குப் போனது. தறிக்காரரைத் தள்ளிவைக்கும் எண்ணம் யாருக்கும் இருந்ததாகத் தோன்றவில்லை. மாதிரியே வயலிலிருந்து எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். நிக்கல்சனும் பின்னாளில் மாகாணத்தின் மீன்வளத் துறைக்குப் போய்விட்டார்.

அதே காலத்தில் பவானியில் ஜமக்காளத் தொழில் வேரூன்றிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து ஆலைத் துணியோடு மெல்லிய சேலையில் போட்டியிட முடியாத நிலையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்குள்ள ஜங்கமர் சமூக நெசவாளர்கள் முரட்டு வண்ண நூலில் பட்டைப் பட்டையாக விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். வியாபாரம் வளர்ந்தபோது நடுவில் முதலாளி வந்தார். நூலை வாங்கிச் சாயமேற்றி, பாவும் ஊடையும் கொடுத்து, நெய்த ஜமக்காளத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்பவர் அவர். நெசவாளிக்குத் துண்டுக் கணக்கில் கூலி. கல்யாணம், பிரசவம், மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்ற வாரம் எதுவானாலும் முன்பணம் அவரிடம்தான். அந்தப் பாக்கி தீரும்வரை வேறு முதலாளியிடம் நெய்யப் போக முடியாது. வட்டியென்று தனியாக எழுதப்படாவிட்டாலும், பேரம் பேச முடியாத கூலிக்குள் அது இருந்தது. ஈடாகக் காட்ட நெசவாளியிடம் நூலும் இல்லை, துணியும் இல்லை. இரண்டும் முதலாளியுடையவை.

1912ஆம் ஆண்டுச் சட்டம் கடன் தவிர்ந்த நோக்கங்களுக்கும் கூட்டுறவுச் சங்கம் அமைக்க இடம் தந்தது. 1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் சங்கம், பிற்காலக் கோ-ஆப்டெக்ஸ், தொடங்கியது. ஆனால் கடன் நிவாரணம் பழைய பாதையிலேயே போனது. இராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டியைத் தள்ளுபடி செய்தது. அந்நாளில் அது துணிச்சலான சட்டம். ஆயினும் அதன் பயன், விவசாய நிலத்தில் உரிமை உள்ளவருக்கு. அதே ஊரில் நிலமில்லாமல் கடன்பட்ட நெசவாளிக்கு அதில் இடமில்லை.

சுதந்திரத்துக்குப் பிந்திய கணக்கெடுப்பும் இவ்வாறே. 1951–52இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வில், உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம், வணிக வங்கிகளின் பங்கு 0.9 சதவீதம், வட்டிக்காரர் பங்கு ஏறக்குறைய 70 சதவீதம். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இந்த எண்கள் உழவருடையவை என்பது பலருக்கு மறந்துபோகிறது. 1955இல் கீழ்பவானித் திட்டம் முடிந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடியதும் கரும்புக்கும் மஞ்சளுக்கும் கடன் தேவை பெருகியது. மஞ்சள் ஒன்பது பத்து மாதப் பயிர். ஆண்டுக்கொரு முறை கடன், அறுவடையில் தீர்ப்பு என்ற ஏற்பாடு அதற்குப் பொருந்தும். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு வந்த கிளைகளும் இந்த முறையிலேயே கடன் தந்தன. வாரந்தோறும் காசு தேவைப்படும் வீட்டுக்கு ஆண்டுக் கணக்கு ஒத்துவருவதில்லை.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்தான் இவ்வரலாற்றில் சற்று வேறுபட்ட முயற்சி. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி சங்கத்துக்குக் காசுக்கடன் கொடுக்கும். பின்னணியில் முதலில் ரிசர்வ் வங்கியும் 1982க்குப் பின் நபார்டும் மறுநிதி தந்தன. அந்தப் பணத்தில் சங்கம் நூல் வாங்கும். உறுப்பினர் நெய்து தருவார். சங்கம் கூலி கொடுத்துத் துணியைக் கோ-ஆப்டெக்ஸுக்கு அனுப்பும். நெசவாளியின் பெயரில் கடனே இல்லை, ஆனால் கடன் அவர் தறிக்கு நூலாக வந்துவிட்டது. ஈடு இல்லாதவருக்குக் கடனைச் சேர்க்க இதைவிட நல்ல வழி பவானியில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. சங்கமும் ஒரு முதலாளிதான். கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டிய முதலாளி. பலவீனம் விற்பனைப் பக்கத்தில். துணி தேங்கினாலோ அரசின் விற்பனைத் தள்ளுபடி மானியம் தாமதமானாலோ காசுக்கடன் முடங்கும், நூல் வராது, தறி நிற்கும். அந்த வாரமே உறுப்பினர் பழைய முதலாளி வீட்டுக்குப் போவார். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப் பட்டியலில் ஜமக்காளம் இருக்கிறது. பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகளை இவை தடுத்துவிடவில்லை. சந்தை இளைத்தால் சங்கத்தின் கடனும் இளைக்கிறது.

இடைவெளியை நிரப்பியது கொங்கு நாட்டுக்கே உரிய பைனான்ஸ். உறவும் ஊரும் சேர்ந்து பங்கு போட்டு நடத்திய கூட்டு நிறுவனங்கள் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் பணம் கொடுத்து இப்பகுதியை வளர்த்தன. 1997 ஏப்ரல் முதல் இத்தகைய நிறுவனங்கள் பொதுமக்களிடம் வைப்பு பெறத் தடை வந்தது. சேமிப்பு வேறு வழிகளைத் தேடிப் போனது; 2012இல் ஈரோடு மாவட்டத்தில் சரிந்த ஈமு கோழி முதலீட்டுத் திட்டங்களில் மாட்டியவர்கள் பலர், வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் அல்லர்.

வட்டி விஷயத்தில் ஒரு கணக்கு. ஊரில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டியைத் தமிழக அரசு 2003இல் சட்டம் போட்டுக் குற்றமாக்கியது. 2011இல் ரிசர்வ் வங்கி நுண்கடன் நிறுவனங்களுக்கு விதித்த உச்சவரம்பு 26 சதவீதம். 2022இல் நுண்கடன் வட்டிக்கு வரம்பு விதிக்கும் முறையே எடுக்கப்பட்டது. மகளிர் குழுக்களிடம் வாரத் தவணையில் வசூலிக்கும் நுண்கடன் வெற்றி பெற்றதற்கு வட்டி குறைவு காரணமன்று. தண்டல்காரரின் கால அட்டவணையை அது அப்படியே எடுத்துக்கொண்டது. வாரக் காசுக்கு வாரத் தவணை பொருந்திவிட்டது.

2014 ஆகஸ்ட் 28இல் தொடங்கிய ஜன் தன் திட்டம் கணக்கைப் பரவலாக்கியது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்து சேர்ந்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில வங்கிகள் அதிலேயே பிடித்தம் செய்தன. மாநில அரசு தலையிட வேண்டியிருந்தது. பணம் வந்துபோகும் வழியாகக் கணக்கு பயன்பட்டது. கடனுக்கு நகையே வழி. 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியானபோதும் பலன் நகை வைத்திருந்தவருக்கே. 2025இல் தமிழகமெங்கும் இன்னொரு புகார் எழுந்தது. வட்டியை மட்டும் கட்டி நகைக்கடனைப் புதுப்பிக்க முடியாது, அசலோடு முழுவதும் கட்டி மீட்ட பிறகே மீண்டும் அடகு வைக்கலாம் என்று வங்கிகள் சொல்லத் தொடங்கின. அந்த ஒரு நாளைக்கான முழுத்தொகைக்குக் கைமாற்று தருபவர் தனியார் பைனான்ஸ்காரர். நகை வங்கிக்குத் திரும்பியதும் புதுக் கடன் அவர் கைக்குப் போய்விடுகிறது. வங்கிப் பேரேட்டில் பழைய கடன் முறையாக அடைந்ததாகப் பதிவாகிறது. ஒரு நாள் வட்டி எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.