அப்பாருவின் மாத்திரை டப்பாவில் டிகாக்ஸின் இருக்கா? இதைப் படிங்க!

பம்ப் பத்தி கோயம்புத்தூர்க்காரங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதயமும் ஒரு பம்ப்தான். அது தளர்ந்துபோனால் அதற்குத் தெம்பு கொடுக்கும் பழைய மருந்து, டிகாக்ஸின். உங்க வீட்டு அப்பாரு, அம்மிச்சி யாராவது இதைச் சாப்பிடலாம்.

எப்படி வேலை செய்யுது?

இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் குட்டி பம்ப்கள் உண்டு. டிகாக்ஸின் அவற்றைத் தடுக்கிறது. உள்ளே சோடியம் கூடுவதால், கால்சியம் வெளியேறுவது குறைகிறது. அந்தக் கால்சியத்தால் இதயத் தசை அழுத்தமாகச் சுருங்குகிறது. தாறுமாறாக ஓடும் துடிப்பையும் இது நிதானமாக்கும்.

1997-ல் வெளியான, 6,800 பேரிடம் நடந்த ஆய்வில், இது ஆயுளைக் கூட்டவில்லை. ஆனால், இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்தது.

அரளிக்குச் சொந்தம்

1785-ல் டாக்டர் வில்லியம் விதரிங், ஃபாக்ஸ்குளோவ் செடியின் மருத்துவப் பயனை எழுதினார். அந்த வகைச் செடியிலிருந்து 1930-ல் டிகாக்ஸின் பிரித்தெடுக்கப்பட்டது. நம்ம ஊர் அரளியில் இருப்பதும் இதே வகை ரசாயனம்தான். 'அப்போ அரளியே மருந்தாச்சே'ன்னு நினைச்சுடாதீங்க. செடியில் எவ்வளவு இருக்குன்னு யாராலும் அளக்க முடியாது, அது விஷம். மாத்திரையில் இருப்பதோ அளந்து வைத்த கால் மில்லிகிராம்.

மயிரிழை இடைவெளி

ஒரு மில்லி ரத்தத்தில் 0.5 முதல் 0.9 நானோகிராம் இருந்தால் நல்லது. 2-ஐத் தாண்டினால் ஆபத்து. மருந்தை வெளியேற்றுவது கிட்னி. வயதானால் அது மெதுவாகும். அதனால்தான் சிலருக்கு 'வாரம் 5 நாள் மட்டும்' என்று டாக்டர் எழுதுகிறார். 'மறந்துபோச்சு'ன்னு ரெண்டாகப் போடக் கூடாது.

நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தால், அதே அளவு டிகாக்ஸினே விஷமாகலாம். அமியோடரோன், வெரபமில், கிளாரித்ரோமைசின் போன்றவை ரத்தத்தில் இதன் அளவைக் கூட்டும்.

இதைக் கவனிங்க

பசியில்லை, குமட்டல், வாந்தி, குழப்பம், பார்வையில் மஞ்சள் தட்டுவது, நாடி ரொம்ப மெதுவாவது... 'வயசானா அப்படித்தான்'னு விட்டுடாதீங்க. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்க. மயக்கம் வந்தால் 108.

அடுத்த முறை ஊருக்குப் போறப்ப, மாத்திரை அட்டைகளையும் சீட்டையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. சளி, காய்ச்சலுக்குப் போனாலும் முதலில் அதை டாக்டரிடம் காட்டுங்க!