மண்டியிட்ட உருவமும் நிற்கிற உருவமும்

சேலமும் நாமக்கல்லும் கும்பினி கைக்குப் போன கதை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கல்லாக நிற்கிறது. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய காரன்வாலிஸ் சிலை. பீடத்தின் புடைப்புச் சிற்பத்தில் திப்புவின் இரண்டு பிள்ளைகள் பிணையாக ஒப்படைக்கப்படுகிறார்கள். அந்த 1792 உடன்படிக்கையில்தான் பாராமகாலும் நம்ம ஊர்களும் கைமாறின. பிள்ளைகளை வாங்கிக்கொள்பவர் சிற்பத்தில் தகப்பன் மாதிரி இருக்கிறார். பறித்தவனைக் காப்பவனாக வடிக்கிற வேலையை இந்தக் கல் செய்கிறது. 1789இல் கடல்வழி அடிமை வியாபாரத்துக்குத் தடைபோட்ட கவர்னர் ஜெனரலும் இதே காரன்வாலிஸ்தான்!

சேலத்துக்காரனுக்கு ஆப்பிரிக்க அடிமையின் சிலையைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கலாம். இரண்டும் ஒரே காலத்துப் பிம்பங்கள். 1787இல் வெட்ஜ்வுட் பட்டறை, அடிமை ஒழிப்புச் சங்கத்துக்காக ஒரு பதக்கம் செய்தது. விலங்கிட்ட கறுப்பு மனிதன் ஒரு காலை மண்டியிட்டு, கைகூப்பி, தானும் மனிதன்தானே, சகோதரன்தானே என்று கெஞ்சுகிறான். சீமாட்டிகள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்துக்கொண்டார்கள். நாலே வருஷத்தில், 1791இல், ஹைத்தியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் தனி நாடே அமைத்தார்கள். பதக்கக்காரன் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஃபாக்ஸ் நினைவுச்சின்னத்துக்கு வெஸ்ட்மகாட் செதுக்கிய ஆப்பிரிக்கனும் மண்டிதான் போடுகிறான்.

வாஷிங்டனில் இது இன்னும் அப்பட்டம். லிங்கன் நிற்கிறார், விடுதலையானவன் அவர் காலடியில். சிற்பி தாமஸ் பால். காசு கொடுத்தவர்கள் விடுதலை பெற்ற கறுப்பு மக்கள். சார்லட் ஸ்காட் என்ற பெண் தந்த 5 டாலரில் தொடங்கிய நிதி அது. உருவத்தைத் தீர்மானித்தவர்களோ வெள்ளையர்கள். 1876 ஏப்ரல் 14 அன்று (அம்பேத்கர் பிறக்க இன்னும் 15 வருஷம்) திறப்பு விழாவில் பேசிய ஃபிரெடரிக் டக்ளஸ், சில நாளிலேயே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: நாலுகால் விலங்குபோல் அல்லாமல் மனிதனாக நிமிர்ந்து நிற்கும் கறுப்பு உருவத்தைச் சாவதற்குள் பார்க்க வேண்டும் என்று. பாஸ்டனில் இருந்த இதன் நகலை 2020 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

கொடுத்தவன் எவ்வளவு கொடுத்தான்? 1833 சட்டம் 2 கோடி பவுண்டு நஷ்டஈட்டை எசமானர்களுக்கு ஒதுக்கியது. அடிமைக்குச் சல்லிக்காசு கிடையாது. கும்பினி ஆண்ட பகுதிகளும் இலங்கையும் அந்தச் சட்டத்துக்கு விலக்கு. 1834 முதல் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கப்பலேற்றப்பட்டார்கள், தமிழர்களும்தான். இங்கே 1843 சட்டம், அடிமை மீதான உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்பதோடு நின்றுகொண்டது. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860 தண்டனைச் சட்டத்தில். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆனது. அதற்குப் பிறகும் குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் ‘பாக்கி’ என்ற பேரில் ஆளைக் கட்டிப்போட்டது.

தாழ்ந்த உருவத்தை நமக்கு வெள்ளைக்காரன் வந்து கற்றுத்தரவில்லை. நாமக்கல் குடைவரையில் திரிவிக்கிரமனின் ஓங்கிய காலைப் பாருங்கள். அங்கே கொடுத்தவன் மாவலி, வாங்கினவன் விஷ்ணு. ஆனால் சிறுத்துப்போனது மாவலி! காலனியக் கல்லில் கொடுப்பவன் பெரியவன், இங்கே வாங்குபவன் பெரியவன். எப்படிப் போட்டாலும் கணக்கு ஆள்பவனுக்கே சாதகம். பண்ணையாளோ இந்த மண்டியிட்ட கோலத்தில்கூட எந்தப் பளிங்கிலும் என் கண்ணில் பட்டதில்லை.

ஹைத்தியில் 1967இல் ஆல்பர்ட் மங்கோனேஸ் வார்த்த சிலையிலும் தப்பியோடிய அடிமை ஒரு முழங்காலில்தான் இருக்கிறான். ஆனால் கால்விலங்கு அறுந்திருக்கிறது, வாயில் சங்கு, கையில் கத்தி. யாரையும் அண்ணாந்து கெஞ்சாமல் மற்ற அடிமைகளைக் கூப்பிடுகிறான்.

நம்ம சேரிகளில் ஜனங்கள் வரி போட்டு வைத்த அம்பேத்கர் சிலைகளை இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். சிமெண்டு, நீலப் பெயிண்ட், கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். முகம் ஒட்டவில்லை, கை நீளம் என்று கலை தெரிந்தவர்கள் நொட்டை சொல்கிறார்கள். சொல்லட்டும். காசும் அவர்களுடையது, உருவமும் அவர்கள் கேட்டது. டக்ளஸுக்குக் கிடைக்காதது அதுதான். பல ஊர்களில் சிலையைச் சுற்றிப் பாதுகாப்பு என்று இரும்புக் கூண்டு போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் 14 அன்று மாலை போட ஏணி மட்டும் போதாது, கூண்டுச் சாவியும் வேண்டும்.