பச்சைப் பாசி மாத்திரையான வரலாறு



மருந்துக்கடையில் ஸ்பைருலினா என்று பெயர் போட்ட பச்சை மாத்திரை டப்பாவை நம்மில் பல பேர் பார்த்திருப்போம். தமிழில் அதற்குச் சுருள்பாசி என்று பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு இருக்கும். இப்போது அந்தப் பெயர் நம்ம குழுக்களுக்கும் வந்துவிட்டது. "தொட்டி போட்டுத் தர்றோம், விளையறதை நாங்களே வாங்கிக்கிறோம்" என்று ஆட்கள் கூட்டத்துக்கே வந்து பேசுகிறார்கள். கடன் எடுத்துப் பணம் போடுவதற்கு முன்னால் இந்தப் பாசி எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்று நாம தெரிஞ்சுக்கணும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சுமார் 500 வருஷத்துக்கு முன்னால் மெக்சிகோ நாட்டில் அஸ்டெக் மக்கள் டெஸ்கோகோ ஏரியில் மிதந்த பாசியை மெல்லிய வலையால் அள்ளி, காயவைத்து, அடை மாதிரி தட்டிச் சந்தையில் விற்றார்கள். அங்கே போன ஸ்பெயின்காரர்கள் அதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். பிற்பாடு அந்த ஏரியை வடியவிட்டார்கள். அதோடு பாசி தின்கிற பழக்கமும் மறைந்து போனது.

ஆனால் ஆப்பிரிக்காவில் அது மறையவில்லை. 1964-65ல் ஒரு பயணக் குழுவோடு போன பெல்ஜியம் நாட்டுத் தாவர அறிஞர் ழான் லெயோனார், சாடு நாட்டுச் சந்தையில் பச்சை நிற வில்லைகள் விற்பதைப் பார்த்தார். அதன் பெயர் திஹே. விசாரித்துப் போனபோது அது சாடு ஏரிப் பக்கத்து உவர்நீர்க் குட்டைகளில் விளைகிற சுருள்பாசி என்று தெரிந்தது. அதை அள்ளுவது, துணியில் வடிகட்டுவது, மணலில் வட்டமாக ஊற்றிக் காயவைப்பது, துண்டு போட்டுச் சந்தைக்குக் கொண்டு போவது எல்லாமே அங்குள்ள கனெம்பு இனப் பெண்கள்தான். தக்காளி, மிளகாய் சேர்த்துக் குழம்பு வைத்து, சிறுதானியக் களிக்கு ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். விளைச்சலும் விற்பனையும் பெண்கள் கையிலேயே இருந்ததை நாம கவனிக்கணும்.

அதுக்கப்புறம் விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். காய்ந்த பாசியில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. கண்ணுக்குத் தேவையான வைட்டமின் ஏ-யை உடம்பு தயாரித்துக்கொள்ள உதவும் பீட்டா கரோட்டின் இருக்கிறது. இரும்புச்சத்தும் உண்டு. மற்ற பாசிகள் பலவற்றுக்குக் கெட்டியான தோல் இருப்பதால் அதை உடைத்தால்தான் சத்து வெளியே வரும். சுருள்பாசியின் தோல் மெல்லிசு, அப்படியே செரிக்கும். அதனால்தான் பெரிய மெஷின் இல்லாமல் துணியும் வெயிலும் வைத்தே பெண்களால் அதைச் சாப்பாடாக்க முடிந்தது.

நம்ம தமிழ்நாட்டுக்கு இது வந்த கதை சென்னை தரமணியில் ஆரம்பிக்கிறது. 1977ல் அங்கே முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் சி.வி. சேஷாத்ரி. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். படித்த படிப்பு ஏழை ஜனங்களுக்கு உதவணும் என்று நினைத்தவர். சுருள்பாசியை கிராமத்து வீட்டில் விளைய வைக்க முடியுமா என்று அந்த மையம் 1980களில் ஆராய்ந்தது. அதற்கு அவர்கள் எடுத்தது மண்பானை!

பானையைக் கழுத்து வரைக்கும் மண்ணில் புதைக்க வேண்டும். சாண எரிவாயுக் கலனில் இருந்து வரும் கழிவுநீரோ, சமையல் சோடாவும் உப்பும் கலந்த தண்ணீரோ ஊற்றி, சுத்தமான தாய்ப்பாசி கொஞ்சம் விட வேண்டும். தினம் மூணு நாலு தடவை கலக்கிவிட வேண்டும். சில நாள் வெயிலில் தண்ணீர் கரும்பச்சையாகும். துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசினால் ஈரப்பாசி கிடைக்கும். அதைச் சட்னியிலோ பருப்பிலோ போட்டுச் சாப்பிடலாம். இல்லையென்றால் உடனே காயவைக்க வேண்டும், ஈரத்தோடு விட்டால் கெட்டுப்போகும். சீக்கிரம் காய நாம இடியாப்பம் பிழியற மாதிரி அச்சில் பிழிந்து காயவைக்கிறார்கள். இந்த வேலையில் நமக்குத் தெரியாதது எது, சொல்லுங்க?

1990களின் தொடக்கத்தில் சுருள்பாசிக்கான அகில இந்தியத் திட்டத்தில் அந்த மையம் ஒரு பெரிய சோதனை செய்தது. கிராமத்துக் குழந்தைகள் 5000 பேருக்குத் தினம் 1 கிராம் வீதம் 150 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் விழுகிற வெண்புள்ளி வெகுவாகக் குறைந்தது என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் சத்துக்குறைவால் பார்வை கெட்ட பிள்ளைகள் நம்ம ஊர்ப் பக்கமும் உண்டு. ஒரு கிராம் என்பது ஒரு சிட்டிகை. அதற்கு இவ்வளவு பலன் என்றால் பெரிய விஷயம்தானே.

சேஷாத்ரி 1995ல் காலமானார். அதற்குள் பாசி வேறு பாதையில் போக ஆரம்பித்துவிட்டது. முருகப்பா குழுமத்தின் பாரி கம்பெனி புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய குளங்கள் கட்டி, பொடியும் மாத்திரையும் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. பாசியில் இருந்து ஒரே ஒரு சத்தை மட்டும் பிரித்தெடுக்கிற தொழிலும் வளர்ந்தது. பாசிப்பொடியைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒரு நீலச்சாறு இறங்கும். அதை வடித்துச் சுத்தம் செய்தால் உணவுக்குப் போடும் நீலச்சாயம். அமெரிக்க அரசு 2013ல் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் அதை அனுமதித்தது. மாலைக்கண்ணுக்கு வழி தேடின பாசி மிட்டாய்க்குச் சாயமாகவும் போகிறது. அதைத் தப்புன்னு சொல்ல வரலை. அந்த வேலைக்கு ஆய்வகம், குளிர்ப்பெட்டி, பெரிய முதலீடு எல்லாம் வேணும். லாபமும் அங்கேதான் தங்குது.

மண்பானை வழியும் முழுசாக அழியவில்லை. ஜெனீவாவைச் சேர்ந்த ஆன்டெனா அமைப்பின் துணையோடு மதுரையில் ஓர் அறக்கட்டளை, சின்னத் தொட்டிகளில் பாசி வளர்க்கப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது.

அய்யலூர்க்காரங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. நாம தக்காளி போடுறோம், விலையை வேற யாரோ வைக்கிறாங்க. விலை விழுந்தால் பறிக்கிற கூலி கூடக் கிடைக்காமல் ரோட்டோரம் கொட்டுகிறோம். வாங்குகிறவர் ஒருத்தர்தான் என்று ஆகிவிட்டால் பாசிக்கும் இதே கதிதான். அந்த ஆள் போனை எடுக்காவிட்டால் தொட்டியும் கடனும்தான் நமக்கு மிஞ்சும்.

ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். நல்லா பார்த்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டர் தொட்டியில் தினம் 5 முதல் 10 கிராம் காய்ந்த பாசி எடுக்கலாம். 10 சதுர மீட்டர் தொட்டி ஒன்று இருந்தால் 50 பிள்ளைகளுக்காவது தினம் ஒரு கிராம் கிடைக்கும். முதலில் அந்த அளவில் பழகலாம். கைப்பக்குவம் வந்து, ஆய்வகத்தில் சோதித்து, உணவுப் பாதுகாப்பு உரிமமும் வாங்கின பிறகு விற்பனையைப் பேசலாம். ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் விலை, அளவு, எத்தனை வருஷம் என்று எழுத்தில் வாங்கணும். கூட்டமைப்பில் படித்துக் காட்டின பிறகுதான் கையெழுத்து.

இன்னும் இரண்டு விஷயம். நம்ம குளத்தில் மிதக்கிற பச்சையை அள்ளிச் சாப்பிடக் கூடாது. அதில் விஷப்பாசியும் இருக்கும். சுத்தமான தாய்ப்பாசியைத் தெரிந்த இடத்தில்தான் வாங்கணும். அடுத்தது, இது எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. கொல்லையில் நிற்கிற முருங்கையிலும் கண்ணுக்கு வேண்டிய சத்து இருக்கு. பாசி வந்தாலும் வராவிட்டாலும் முருங்கைக்கீரையை விட்டுடாதீங்க.

சாடு நாட்டுப் பெண்கள் அள்ளுவதோடு நிற்காமல் தாங்களே சந்தைக்கும் போனார்கள். நாமும் தொட்டி போட்டால் நம்ம பிள்ளைகள் சாப்பிட்டது போக மீதியை நாமே வியாழக்கிழமைச் சந்தைக்குக் கொண்டு போகிற மாதிரி திட்டம் போடுவோம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவு எடுக்கணும் என்று எல்லாக் குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன்.