பிலடெல்பியாவின் நான்கு வண்ணத் தாள்

1933ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்காவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் கடனுக்காகப் பறிபோய்க்கொண்டிருந்தன. அந்நாளைய வீட்டுக்கடன் பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குத்தான். வட்டியைக் கட்டிவந்து, கெடு முடியும்போது அசலை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் புதிதாகக் கடன் எழுதிக்கொள்ள வேண்டும். வங்கிகளே மூடிக்கிடந்த காலத்தில் புதுக்கடனுக்கு எங்கே போவது? அந்த ஜூன் மாதம் ரூஸ்வெல்ட் அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற ஒன்றைத் தொடங்கியது. மூழ்கவிருந்த கடன்களைக் கழகம் தானே ஏற்றுக்கொண்டு, 5 சதவீத வட்டியில் 15 ஆண்டுத் தவணையாக மாற்றிக் கொடுத்தது. மூன்றாண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் குடும்பங்களுக்கு அந்தக் கடன் கிடைத்தது. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய வேலை அது. அந்தக் கழகத்தின் மேசையில்தான் பிலடெல்பியாவின் நான்கு வண்ணத் தாளும் பிறந்தது.

பத்து லட்சம் வீடுகளின் அடமானம் கையில் இருக்கும்போது, அந்த வீடுகள் நிற்கும் தெருக்களின் விலை இனி ஏறுமா இறங்குமா என்ற கவலை வரத்தான் செய்யும். 1935 முதல் 1940 வரை கழகத்தின் ஆட்கள் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் போனார்கள். அங்கங்கே இருந்த வீட்டுத் தரகர்களையும் மதிப்பீட்டாளர்களையும் கடன் கொடுப்பவர்களையும் உட்காரவைத்து, நகர வரைபடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வண்ணம் தீட்டினார்கள். பச்சை என்றால் முதல்தரம். நீலம், இன்னும் விரும்பத்தக்கது. மஞ்சள், சரிந்துகொண்டிருப்பது. சிவப்பு, ஆபத்தானது. பிலடெல்பியாவுக்கான தாள் 1937ல் தயாரானது.

ஒவ்வொரு துண்டுக்கும் தனியே ஒரு படிவம் உண்டு. நிலத்தின் மேடுபள்ளம், வீடுகளின் வயது, செங்கல்லா மரமா, வாடகை எவ்வளவு, விற்றால் என்ன தேறும் என்று கேள்விகள் போகும். கடன் கொடுக்கும் எவரும் கேட்கக்கூடியவைதான் இவை. இடையில் குடியிருப்போரைப் பற்றிய கட்டங்கள் வரும். என்ன தொழில், என்ன வருமானம். வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை சதவீதம், அவர்களில் எந்த நாட்டார் அதிகம். நீக்ரோக்கள் உண்டா, எத்தனை சதவீதம். புதிதாக ஊடுருவுகிறவர்கள் யார்? கடைசிக் கேள்வியில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். ஒரு குடும்பம் பணம் கொடுத்து வீடு வாங்கிக் குடிவருவதை, சுவரில் கரையான் ஏறுவதைப்போலக் குறித்துக்கொள்ள அரசாங்கப் படிவத்தில் இடம் விட்டிருந்தார்கள்.

அந்தக் கட்டங்களை நிரப்பியவர்களுக்குத் தங்கள் நகரம் நன்றாகவே தெரியும். தெற்குப் பிலடெல்பியாவில் ஒன்பதாவது தெருச் சந்தையைச் சுற்றி இத்தாலியர்கள். ஆற்றோரம் போர்ட் ரிச்மண்டில் போலந்துக்காரர்கள். நெசவாலைகள் நிறைந்த கென்சிங்டனில் ஐரிஷ்காரர்கள். ஸ்ட்ராபெரி மேன்ஷனில் யூதர்கள். 1890ல் ஏறத்தாழ 40,000 பேராக இருந்த கறுப்பினத்தவர்கள், தென்மாநிலங்களின் பருத்திக்காடுகளிலிருந்தும் வன்முறையிலிருந்தும் தப்பி வந்தவர்களால் 1940க்குள் இரண்டரை லட்சமானார்கள். நகரின் நடுவிலிருந்த பழைய குடியிருப்பு கொள்ளாமல் வடக்கிலும் மேற்கிலும் பரவினார்கள். தொழிற்சாலை எங்கே, டிராம் எங்கே ஓடுகிறது, சொந்தக்காரர் எந்தத் தெருவில் இருக்கிறார், எந்தத் தேவாலயத்தில் தன் மொழியில் பூசை நடக்கிறது என்பவற்றால் ஆன நிலப்பரப்பு அது. போலந்துக்காரரோ இத்தாலியரோ கையில் நாலு காசு சேர்ந்ததும் வேறு தெருவுக்குப் போக முடிந்தது. கறுப்பினத்தவருக்கு மட்டும் காசு சேர்ந்த பிறகும் கதவு திறக்கவில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு கிழித்த நிலத்திலிருந்து வந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1937ன் தாள் திடீரென்று முளைத்ததல்ல. மூன்றாண்டுக்கு முன்பே, 1934ல், ஜே. எம். ப்ரூவர் என்ற மதிப்பீட்டாளர் பிலடெல்பியாவுக்கு ஒரு வரைபடம் போட்டு, கறுப்பினத்தவர், யூதர், இத்தாலியர் செறிந்த பகுதிகளைத் தனித்தனியே காட்டியிருந்தார். 1933ல் சிகாகோவின் நூறாண்டு நில மதிப்பை ஆராய்ந்து ஹோமர் ஹாய்ட் எழுதிய நூல், எந்த இனத்தார் குடியேறினால் நிலவிலை என்ன ஆகும் என்று ஒரு தரவரிசையே தருகிறது. அதில் ஆங்கிலேயர், ஜெர்மானியர், ஸ்காட்லாந்தியர், ஐரிஷ்காரர், ஸ்காண்டிநேவியர் உச்சியில் இருக்கிறார்கள். யூதரும் தென் இத்தாலியரும் அடியை நெருங்குகிறார்கள். நீக்ரோக்களும் மெக்சிகர்களும் அடியில். தரகர்களின் வாய்ப்பேச்சாக இருந்தது பல்கலைக்கழக ஆய்வாகி, ஆய்விலிருந்து அரசுக் கோப்புக்குள் போனது. ஹாய்டும் அடுத்த ஆண்டே அரசு வேலைக்குப் போனார்.

இன்னும் பின்னால் போனால் இதே நகரத்தில் வேறொரு வண்ண வரைபடம் இருக்கிறது. 1896ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் என்ற இருபத்தெட்டு வயதுக் கறுப்பின அறிஞரை ஏழாவது வார்டை ஆராயப் பணித்தது. கறுப்பினத்தவர்கள் நெடுங்காலமாகச் செறிந்து வாழ்ந்த வார்டு அது. ஏழாவது தெருவிலிருந்து ஸ்கூல்கில் ஆறுவரை நீள்வது. டூபாய்ஸ் மனைவியோடு அங்கேயே குடியேறி, வீடு வீடாக ஏறி இறங்கினார். ஏறத்தாழ 2,500 குடும்பங்களோடு அவரே உட்கார்ந்து பேசினார். 1899ல் வெளிவந்த நூலில் ஒரு வரைபடம் உண்டு. அதிலும் நான்கு தரங்கள், நான்கு வண்ணங்கள். ஆனால் அவர் வண்ணமிட்டது வீடுகளை. வசதியானவர், உழைத்துப் பிழைப்பவர், வறியவர், குற்றத்தில் விழுந்தவர் என்று நான்கு வகையினரும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். கடைசித் தரத்துக்கு அவர் கொடுத்த பெயர் இன்று படிக்கக் கசக்கிறது. இருந்தாலும் அவர் காட்டியது தெளிவு: கறுப்பினத்தவர் என்று ஒரே முகம் கிடையாது, வெள்ளையரிடையே இருக்கும் படிநிலை அத்தனையும் இங்கும் இருக்கிறது.

இந்த இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு வேறு பாடம் வேண்டியதில்லை. டூபாய்ஸ் பிரித்துக் காட்டிய ஆசிரியர், உணவு விருந்துகளை நடத்தித் தந்தவர், துறைமுகக் கூலி, சலவைக்காரி எல்லாரும் 1937ன் வண்ணத்தூரிகைக்கு ஒன்றுதான். நகரின் மேல் நின்று பூசினால் அப்படித்தான் ஆகும்.

தாள் பிறந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் வியப்பு. அது எங்கும் போகவில்லை. கழகம் தன் கடன்களில் பெரும்பகுதியைக் கொடுத்து முடித்த பிறகுதான் வரைபடங்களே தயாராயின. பின்னால் சிவப்புப் பூசப்பட்ட தெருக்களிலும், கறுப்பினத்தவர் வீடுகளுக்கும்கூட, கழகம் ஏற்கெனவே கடன் கொடுத்திருந்தது. தாள்கள் இரகசியம், கைமாறிய பிரதிகளும் குறைவு. 1951ல் கழகம் கணக்கை முடித்தபோது, கோப்புகளோடு கோப்பாகத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயின.

நகரத்தின் குடியமைப்பை மாற்றியது இன்னொரு அலுவலகம். 1934ல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கடன் கொடுக்காது; வங்கி கொடுக்கும் கடனுக்குப் பொறுப்பேற்கும். அரசு பொறுப்பேற்றதும் வங்கிகளுக்குத் துணிச்சல் வந்தது. முன்பணம் சுருங்கியது, தவணை இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நீண்டது. ஆலைத் தொழிலாளியும் தோட்டத்தோடு வீடு வாங்கலாம். ஹாய்ட் பொருளியல் வல்லுநராகச் சேர்ந்தது இங்கேதான். எந்தத் தெருவுக்குப் பொறுப்பேற்பது என்று தீர்மானிக்க இந்த நிர்வாகத்துக்குச் சொந்த வரைபடங்களும் சொந்தக் கையேடும் இருந்தன. ஓரிடத்தின் மதிப்பு நிலைக்க ஒரே சமூக, இன வகுப்பினர் அங்கே தொடர வேண்டும் என்பது 1938ன் கையேட்டின் நிலைப்பாடு. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதும் வழக்கத்தையும் அது ஊக்குவித்தது. 1948ல் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று தீர்ப்பளிக்கும்வரை அவை சட்டத்தின் பலத்தோடு இருந்தன.

விளைவைப் பார்க்கப் பிலடெல்பியாவின் வடகிழக்கே, பக்ஸ் மாவட்டத்துக்குப் போக வேண்டும். 1952 முதல் அங்கே லெவிட்டவுன் என்ற புதுநகர் எழுந்தது. 17,311 வீடுகள், எல்லாம் அரசு உத்தரவாதக் கடனின் துணையோடு, வெள்ளையருக்கு மட்டும். 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் ஏற்கெனவே குடியிருந்த ஒருவரிடமிருந்து வீடு வாங்கிப் பிள்ளைகளோடு குடிவந்தார்கள். இரவுகள்தோறும் கூட்டம் கூடியது. கல் வீசி ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். மாநிலக் காவல்படை வர வேண்டியிருந்தது. அவர்களுக்குத் துணைநின்ற அண்டை வீட்டாரும் மிரட்டப்பட்டார்கள். மையர்ஸ் குடும்பம் போகவில்லை. சில ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து காட்டியது.

புறநகர் இப்படி வெள்ளையாக நிறைந்த அதே ஆண்டுகளில் நகருக்குள் கறுப்பின மக்கள்தொகை பெருகி, 1970ல் ஆறரை லட்சத்தைத் தாண்டியது. ஸ்ட்ராபெரி மேன்ஷனின் யூதர்கள் மேற்கேயும் வடகிழக்கேயும் நகர, அந்தத் தெருக்களுக்குக் கறுப்பினத்தவர்கள் வந்தார்கள். யார் எங்கே வாழ்வது என்பதை வேலையும் உறவும் தீர்மானித்தது போய், கடன் எங்கே கிடைக்கும் என்பது தீர்மானிக்கத் தொடங்கியிருந்தது. 1968ல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வருவதற்குள் ஒரு தலைமுறையின் சேமிப்பு சுவர்களாகவும் கூரைகளாகவும் புறநகரில் இறுகிவிட்டது.

தாளின் இரண்டாம் வாழ்க்கை 1980ல் தொடங்கியது. வரலாற்றாசிரியர் கென்னத் ஜாக்சன் காப்பகத்தில் அந்தக் கோப்புகளைக் கண்டு, அவ்வாண்டு ஒரு கட்டுரை எழுதினார். 1985ல் வந்த, புறநகர்களின் வரலாறு பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலில் அது விரிவாக இடம்பெற்றது. அதற்குப்பின் அமெரிக்கப் பாடநூல்களில் சிவப்பு வண்ணம் நிலைபெற்றது. 2016 முதல் ரிச்மண்ட் பல்கலைக்கழகமும் தோழமை ஆய்வாளர்களும் அந்த நகரங்களின் தாள்களைக் கணினியில் ஏற்றினார்கள். ஒரு காலத்தில் சில அதிகாரிகள் மட்டும் பார்த்த தாளை இன்று யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். 2020ல் 108 நகரங்களை ஆராய்ந்தவர்கள், பழைய சிவப்புப் பகுதிகள் பழைய பச்சைப் பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 பாகை செல்சியஸ் சூடாக இருப்பதாகக் கண்டார்கள். மரம் குறைவு, தார்ச்சாலையும் கான்கிரீட்டும் அதிகம். கோடை வெப்ப அலையில் முதியவர்களைக் கொல்லும் வேறுபாடு அது.

ஆனால் இந்தப் புகழில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பிலடெல்பியாவின் கடன் பதிவுகளை எடுத்து ஆராய்ந்த ஏமி ஹில்லியர், வங்கிகள் சிவப்புப் பகுதிகளிலும் கடன் கொடுத்தன என்றும், கழகத்தின் வரைபடங்கள் பரவலாகப் போய்ச்சேர்ந்ததற்குச் சான்று குறைவு என்றும் 2003ல் எழுதினார். பின்வந்த பொருளாதார வரலாற்றாசிரியர்கள் சிலரும் அதே திசையில் பேசுகிறார்கள். சிவப்பில் வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையர்களே. ஆனால் கறுப்பினத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிவப்புக்குள் இருந்தார்கள். அவர்களை அங்கே நிறுத்திய கைகள் தாள் வருவதற்கு முன்பே வேலை செய்துகொண்டிருந்தன. என் கணிப்பும் இதுதான்: தாள் குற்றவாளி அல்ல, சாட்சி. வீட்டுவசதி நிர்வாகத்தின் சொந்த வரைபடங்கள்தான் கோடிக்கணக்கான டாலரை எந்தப் பக்கம் ஓடவிடுவது என்று தீர்மானித்தவை. அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. பிழைத்துக் கிடந்த காகிதத்தின் தலையில் அழிந்துபோன காகிதத்தின் பழியும் சேர்ந்துகொண்டது. பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும் சான்றை வைத்தே வழக்கை முடித்துவிட்டால், மற்றக் கைகள் தப்பித்துவிடும்.

ஹில்லியர் பின்னாளில் டூபாய்ஸின் ஏழாவது வார்டுக்குத் திரும்பி, அந்த ஆய்வைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகும் வேலையைச் செய்தார். வார்டு இன்று அடையாளம் மாறிவிட்டது. அதன் தெற்கு எல்லையான சவுத் தெரு நெடுகிலும் ஒரு விரைவுச்சாலை போட இருபதாம் நூற்றாண்டின் நடுவில் திட்டமிட்டார்கள். இடிபடப்போகும் தெரு என்று பெயரானதும் விலை சரிந்தது, கடைகள் மூடின, குடும்பங்கள் போயின. அக்கம்பக்கத்தார் போராடிச் சாலையை நிறுத்திவிட்டார்கள். போனவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. இன்று அங்கே வீடு வாங்கப் பெரும்பணம் வேண்டும். அருகில் ஆறாவது தெருவில் ரிச்சர்ட் ஆலன் என்ற கறுப்பினப் போதகர் தொடங்கிய மதர் பெத்தேல் ஆலயம் நிற்கிறது. 1790களிலிருந்து கறுப்பினத்தவர் கையைவிட்டுப் போகாத நிலம் அது.

அந்த மற்றக் கைகளுக்கான தேடல் இப்போது பத்திரப்பதிவு ஏடுகளுக்குப் போயிருக்கிறது. பிலடெல்பியா மத்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர் ஒருவர் 1920 முதல் 1932 வரையிலான கிரயப் பத்திரங்களைத் துருவி, இன நிபந்தனை எழுதப்பட்ட ஏறத்தாழ 4,000 பத்திரங்களைக் கண்டெடுத்து 2019ல் வெளியிட்டார். இவை அத்தனையும் கழகமோ வீட்டுவசதி நிர்வாகமோ பிறப்பதற்கு முன்னால், விற்பவரும் வாங்குபவரும் சம்மதித்து எழுதிக்கொண்டவை.