தாய்க்கு ஊசி போட்ட மருத்துவர்

பெற்ற தாய் தம்மைச் சாக விடும்படி கெஞ்சினால், மருத்துவரான மகள் என்ன செய்வாள்? நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டு இந்தக் கேள்வி எழுந்தது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, உடலின் ஒரு பக்கம் செயலிழந்து, பராமரிப்பு இல்லத்தில் கிடந்தார் அந்தத் தாய். மகள் டாக்டர் கெர்ட்ருடா போஸ்ட்மா மார்ஃபின் ஊசி போட்டார். செய்ததை மறைக்கவும் இல்லை.

கேட்டுக்கொண்டவரின் உயிரைப் போக்கினாலும் 12 ஆண்டு வரை சிறை என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால், 1973-இல் லேவார்டன் நீதிமன்றம் விதித்ததோ ஒரே வாரச் சிறை. அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது. தமிழில் இதற்குக் 'கருணைக் கொலை' என்றே பெயர். அந்தப் பெயரிலேயே பாதி வழக்கு அடங்கியிருக்கிறது.

1984-இல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. 95 வயது மூதாட்டி ஒருவருக்கு உதவிய மருத்துவரின் வழக்கு அது. சட்டத்தை மதிப்பது ஒரு கடமை. தாங்க முடியாத துன்பத்தைத் தீர்ப்பது இன்னொரு கடமை. இரண்டும் மோதும்போது மருத்துவரின் நெருக்கடியையும் பார்க்க வேண்டும் என்றது மன்றம்.

இப்படி வழக்கு வழக்காக உருவான விதிகளே 2002 ஏப்ரல் 1-ஆம் தேதி சட்டமாக நடைமுறைக்கு வந்தன. பலர் நினைப்பதுபோல் பழைய தண்டனைப் பிரிவு நீக்கப்படவில்லை. 12 ஆண்டுச் சிறை இன்றும் ஏட்டில் இருக்கிறது. விதிகளின்படி நடந்து, தாமே முன்வந்து அறிவிக்கும் மருத்துவருக்கு மட்டுமே விலக்கு.

நோயாளி தாமாக, நன்கு யோசித்துக் கேட்டிருக்க வேண்டும். துன்பம் தாங்க முடியாததாக, தேறும் வாய்ப்பே இல்லாததாக இருக்க வேண்டும். வேறு நியாயமான வழி இல்லை என்பதில் இருவரும் ஒத்துப்போக வேண்டும். தொடர்பில்லாத இன்னொரு மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்து எழுத்து மூலம் கருத்துத் தர வேண்டும். மறுக்கவும் மருத்துவருக்கு உரிமை உண்டு. மரணத்துக்குப் பின் 'இயற்கை மரணம்' என்று அவர் சான்றிதழ் எழுத முடியாது. நகராட்சியின் பிரேதப் பரிசோதகரை அழைக்க வேண்டும். பிறகு சட்ட அறிஞர், மருத்துவர், அறநெறி வல்லுநர் கொண்ட குழு கோப்பை ஆராயும். 2023-இல் வந்த அறிவிப்புகள் 9,068.

கோப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை. 2016-இல், முற்றிய மறதி நோயில் இருந்த ஒரு பெண்மணிக்கு, அவர் முன்பு எழுதி வைத்ததை நம்பி, காப்பியில் மயக்க மருந்து கலந்து கொடுத்தார் ஒரு மருத்துவர். விழித்துத் திமிறியவரைக் குடும்பத்தார் பிடித்துக்கொண்டனர். எழுதியவர் பேச்சைக் கேட்பதா, திமிறியவர் பேச்சைக் கேட்பதா? குழு தவறு என்றது. அரசுத் தரப்பு வழக்குத் தொடுத்தது. 2019-இல் மருத்துவர் விடுதலையானார். 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.