பச்சை குத்துதல்: ஒரு பழந்தொழிலின் சரித்திரம்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிலே, கொடிகாமத்து வழியும் வந்து கூடுமிடத்தில் அமைந்த நெல்லியடி, வடமராட்சியின் வியாபாரத்துக்கும் போக்குவரத்துக்கும் நடுநிலையமாக நெடுங்காலம் விளங்கிவரும் ஊராகும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதித் திருவிழாவுக்கும் வல்லிபுர ஆழ்வார் கோயிற் கடற்றீர்த்தத்துக்குமாக, லண்டன், பாரிஸ், டொரொன்டோ முதலிய தூரதேச நகரங்களிற் குடியேறிய குடும்பங்கள் ஊர் திரும்புங் காலத்தில், அவர்தம் பிள்ளைகள் சிலர் முன்கையிலே வேலும் மயிலும், தோளிலே தாயின் பெயரும் பச்சை குத்திக்கொண்டு நெல்லியடி வழியே வருவதைக் கண்டு, இது மேனாட்டாரிடம் பழகிய புதுமோகம் என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்களுடைய கவலை அன்பிலிருந்து பிறப்பது; ஆயினும் அந்த அபிப்பிராயம் சரித்திரத்துக்கு இயைந்ததன்று. பச்சை குத்துதல் தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற சொந்தக் கலை என்பதையும், அக்கலைக்கு வந்த இழிவு அதைச் செய்த ஏழை மக்கள்மேற் பிறர் சுமத்திய இழிவேயன்றிக் கலையினிடத்தே பிறந்ததன்று என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதர் தம் மேனியிற் கரியை ஏற்றி அழியாத குறி செய்துகொண்ட வழக்கம் மிகப் புராதனமானது. 1991 ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலையின் பனிக்கட்டியிலிருந்து வெளிப்பட்ட, ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதனின் உடலிலே 61 குறிகள் எண்ணப்பட்டிருக்கின்றன. நமக்கு அணித்தான நீலகிரியிலே தோடர் குலப் பெண்கள் புள்ளி வரிசைகளாற் குத்திக்கொண்ட பச்சையைப் பற்றி, ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1906 இல் வெளியிட்ட நூலிலே விவரித்திருக்கின்றார். ஆகையால் இவ்வழக்கத்தை ஒரு தேசத்தாருக்கே உரியதென்று கருதுவதற்கு இடமில்லை.

தமிழ்நாட்டில் இத்தொழில் குறத்தியரின் கைவசம் இருந்தது. சென்னை அரும்பொருட்சாலையின் அதிபராயிருந்த எட்கார் தர்ஸ்டன் என்பவர், 1906 இலும் 1909 இலும் வெளியிட்ட நூல்களில், அவர்களுடைய செய்முறையை வரைந்து வைத்தமையால், அதனை நாம் இன்றும் தெளிவாக அறியக்கூடியதாயிருக்கின்றது. மஞ்சட்பொடியையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியிலே தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் இட்டுக் கொளுத்தி, அதன்மேற் புதுமட்பாண்டமொன்றைக் கவிழ்த்துவைப்பார்கள். பாண்டத்தின் உட்புறத்திலே படிந்த கரியைச் சுரண்டியெடுத்து, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை ஆயத்தமாகிவிடும். துவாதசிப் பாரணைக்காக நம் வீட்டார் தேடிப் பறிக்கும் அதே அகத்தியும், நம் அடுக்களையை ஒருநாளும் நீங்காத அதே மஞ்சளுமே இம்மைக்கு மூலப்பொருள்களாயிருந்தன என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இக்கலை எத்துணை நெருக்கமாக நம் இல்வாழ்க்கையோடு பிணைந்திருந்தது என்பது விளங்கும்.

மையைத் தோய்த்த குச்சியினால் முதலிற் கோலத்தை மேனியில் வரைந்து, பின்பு சில ஊசிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, அவ்வரையின்மேற் குத்திச் செல்வாள் குறத்தி. பெண்ணின் மனம் நோவிலே நிலைத்துவிடாதபடி பாட்டுப் பாடிக்கொண்டே கைவேலையை நடத்துவதும், வேலை முடிந்தபின் அவ்விடத்தைக் கழுவி, வீக்கம் தணியவும் நிறம் பொலியவும் எண்ணெயும் மஞ்சளும் தடவுவதும் அவளுடைய தொழில்முறையின் அங்கங்களாயிருந்தன. ஒரு புள்ளிக்குக் காலணாவும் சிக்கலான பெருங்கோலத்துக்குப் பன்னிரண்டணாவும் அக்காலத்துக் கூலியாகும். வரைதல், குத்துதல், நோவாற்றுதல், புண்ணுக்கு மருந்திடுதல் ஆகிய நான்கையும் ஒருங்கே அறிந்த ஒருத்தியை, எழுத்தறியாதவள் என்ற ஒரே காரணத்தால் நாம் கலைஞரின் வரிசையிற் சேர்க்காது விட்டது நம்முடைய பெருங்குறையாகும்.

அவர்கள் குத்திய உருவங்களிலே தேள், மீன், பறவை, மலர் முதலியனவும், வைணவ நாமமும், புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கோலங்களும் காணப்பட்டன. காலைதோறும் வாசலிலே அரிசிமாவினால் இடப்படும் கோலத்துக்கும், பெண்ணின் முன்கையிலே கரியினால் நிலைநிறுத்தப்பட்ட கோலத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து, ஜான் லேயார்ட் என்னும் அறிஞர் 1937 இல் ஒரு விரிவான கட்டுரை எழுதினார். பொன்னும் புடைவையும் மண்ணுலகிலேயே தங்கிவிட, இறந்தவளோடு மறுமைக்குக் கூடச் செல்லும் ஆபரணம் பச்சையொன்றே என்ற நம்பிக்கை இந்திய தேசத்தின் பல பகுதிகளிலே பரவியிருந்தது. நகை வாங்க வழியற்ற பெண்களுக்கு அந்நம்பிக்கை எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. கடல் கடந்து கூலிக்குச் சென்ற தமிழரோடு அக்கோலங்களும் கடல் கடந்தன. 1860 நவம்பரிலே முதற்கப்பல் போய்ச் சேர்ந்த தென்னாபிரிக்க நேட்டால் நாட்டின் கப்பற் பெயரேடுகளில், ஒவ்வொருவருடைய உடலடையாளங்களையும் பதியும் பத்தியொன்று இருந்தது. பிறந்த ஊரின் கோலம் அங்கே அடையாள இலக்கம் போலாயிற்று. நம் நாட்டு மலையகத் தோட்டங்களிலும் முதிய தாய்மாரின் கைகளிலே அவ்வுருவங்களைக் கண்டோர் பலர்.

இவ்வாறு இல்வாழ்க்கையோடு கலந்து நின்ற கலைக்கு இழிவு வந்தது எங்ஙனம் என்று வினவுவோமாயின், அதிகாரத்தின் கையிலே அது பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். வங்காளத்திலே கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் 1797 ஆம் ஆண்டின் பிரமாணத்தால், ஆயுட்காலத் தண்டனை பெற்றவர்களுடைய நெற்றியிலே பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தச் செய்தது. இக்கொடுமை 1849 இலேதான் நீக்கப்பட்டது. ஊசி பிடித்த குறத்தியர் குலத்துக்கு நேர்ந்ததோ இதனினும் பெரிய அநீதி. 1871 ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், 1911 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டபோது, குறவர் பலர் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகப் பதியப்பட்டனர். இடம் விட்டு இடம் பெயர்தலையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு குலத்தாருக்கு இடம்பெயர்தலே குற்றமாக்கப்பட்டபின், ஊரூராகச் சென்று செய்யும் தொழில் எவ்வாறு தழைக்கும்? அச்சட்டம் இந்தியா முழுவதிலும் 1952 இல் ஒழிந்தது. அது விளைத்த அவப்பெயர் அவ்வளவு விரைவில் ஒழியவில்லை. சட்டம் இட்ட அவமானத்துக்குச் சாதி வேற்றுமையும் துணைநின்றது. குறத்தியிடம் கைநீட்டுதல் தகாது என்றும், பச்சை குத்திய கை தாழ்ந்தோர் கை என்றும் கருதிய மேற்குலத்தாரின் கருத்தே நாளடைவிற் பொதுக்கருத்தாகி, அக்கைகளுக்குரிய பெண்களின் பேத்திமார் தாமே அதைக் கண்டு நாணும் நிலையை உண்டாக்கிற்று.

ஈழத்திலே குறத்தி அறியப்படாதவளல்லள். கீரிமலையைப் பாடும் நகுலமலைக் குறவஞ்சி முதலிய நூல்களின் வாயிலாக அவள் நம் புலவருடைய சபையிலே இடம்பெற்றாள். அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பையிலே தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குறவர் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. பாட்டிலே குறத்தியைப் போற்றி, படலையிலே அவளைத் துரத்திய முரண்பாட்டுக்கு யாழ்ப்பாணத்தாராகிய நாமும் பொறுப்பாளிகளே. மேனியில் ஊசி படுதல் நம் சமயத்துக்கும் சம்பிரதாயத்துக்கும் விரோதமானது என்று சொல்வார்க்கும் மறுமொழி உண்டு. குழந்தைக்குக் காது குத்தி விழாவெடுக்கின்றோம். சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்த அடியார் முதுகிலே செடில் குத்திக் காவடி எடுக்கும்போது கைகூப்புகின்றோம். வைணவரோ குருவினிடம் பஞ்சசம்ஸ்காரம் பெறுங்காலத்து, வலத்தோளிற் சக்கரமும் இடத்தோளிற் சங்கும் காய்ச்சிய முத்திரையாற் பதியப்பெறுகின்றனர். இவையெல்லாம் புனிதமாயின், மையேற்றிய ஊசி மாத்திரம் எவ்வாறு அசுத்தமாகும்?

நியூயோர்க் நகரத்து சாமுவேல் ஓரெய்லி என்பவர், எடிசனுடைய மின்பேனாவைத் தழுவி 1891 இல் உரிமைப்பத்திரம் பெற்ற மின்யந்திரமே இக்காலத்துப் பச்சை குத்தும் கருவிகளுக்கு முன்னோடியாகும். கருவி மாறினும் தத்துவம் மாறவில்லை. நாள்தோறும் உதிர்ந்து புதுப்பிக்கப்படும் மேற்றோலைக் கடந்து, அதன் கீழுள்ள உட்டோலிலே மையைச் சேர்ப்பதனாலேயே குறி நிலைக்கின்றது. அவ்விடத்திலுள்ள காவற்கலங்கள் மைத்துகளை அந்நியப் பொருளென்று விழுங்கிக்கொள்கின்றன. அவை இறக்கும்போது வெளிப்படும் துகள்களைப் புதிய கலங்கள் மீண்டும் விழுங்குகின்றன என்பதை, பிரான்சு தேசத்து ஆராய்ச்சியாளர் எலிகளிற் சோதித்து 2018 இலே வெளியிட்டனர். கறுப்பான கரி தோலின் கீழே பசுமையோடிய நீலமாகத் தோன்றுவதும், தோலினூடே ஒளி சிதறும் இயல்பினாலேயாம்.

இந்நாளிலே யாழ்ப்பாண நகரிலும் கொழும்பிலும் தொழிற்படும் கலைஞரிடம், தமக்கென்றே வரைந்த உருவமொன்றைக் குத்திக்கொள்ள விரும்புவோர், முன்னதாகச் சென்று கருத்தைச் சொல்லி, வரைபடம் எழுதுவித்து, முற்பணம் கட்டி நாள் குறித்துக்கொள்வது வழக்கம். இவ்விடைக்காலம் வீண்காலமன்று, உருவத்தை வீட்டாரோடு கலந்து ஆலோசிக்கவும், எழுத்துப் பிழைகளைத் திருத்தவும், மனம் மாறின் விலகிக்கொள்ளவும் அது அவகாசந் தருகின்றது. சமய உருவங்களைத் தெரிவோர் இருமுறை சிந்தித்தல் வேண்டும். கையிலே புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணொருவர் 2014 இலே இந்நாட்டிற் கைதாகித் திருப்பி அனுப்பப்பட்டதும், 2017 இலே உயர்நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதெனத் தீர்த்து நட்டஈடு வழங்கியதும் மறக்கத்தக்கனவல்ல. நீதி கிடைத்ததாயினும், அதற்கு மூன்று வருஷங்களுக்கு மேற் சென்றன.

பழமையைப் போற்றுகின்ற நாம் அதன் குறையையும் ஒளிக்கலாகாது. ஒரே ஊசிக்கட்டினால் பலருக்குக் குத்திய பழைய முறையில், ஈரலைத் தாக்கும் நோய்க்கிருமிகள் இரத்தத்தின் வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவ இடமிருந்தது. அக்கிருமிகளைப் பற்றி அந்நாளிலே குறத்தியும் அறியாள், அவளை ஏளனஞ்செய்த கற்றோரும் அறியார். ஆகவே, முத்திரையுடைத்த புதிய ஊசி, ஒருவருக்கென்றே ஊற்றிய மை, புதிய கையுறை ஆகிய மூன்றையும் கண்ணாற் காணாமல் எவரும் கையை நீட்டலாகாது. குத்தி முடிந்த இடம் ஒரு புண் என்பதை மறவாது, நறுமணமற்ற மென்மையான சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, ஒற்றியுலர்த்தி, வைத்தியர் அல்லது கலைஞர் சொல்லும் களிம்பை மெல்லியதாய்ப் பூசிவருதல் வேண்டும். சில நாட்களிலே தினவெடுத்துப் பொருக்குக் கட்டும். அதனைச் சொறிந்தாலும் பிய்த்தாலும் மை கழன்று கோலம் குலையும். மேற்புண் மாற இரண்டு மூன்று கிழமைகளும், உட்டோல் முற்றாகத் தேற அதனினும் நெடுங்காலமும் செல்லும். அதுவரையிற் கடலாடுதலும் குளத்தில் இறங்குதலும் கடுவெயிலிற் காட்டுதலும் விலக்கத்தக்கன. தீர்த்தத் திருவிழாவுக்கென்று ஊருக்கு வருவோர், இந்தக் கணக்கை எண்ணியே நாள் குறித்தல் நன்று. சிவப்பு பரவினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் கண்டாலும், கைவைத்தியம் பாராமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

நல்ல பச்சை என்பது குத்துபவரின் கைத்திறத்தினால் மாத்திரம் அமைவதன்று. புண் மாறும் வரையிற் பேணுபவரின் பொறுமையும் சேர்ந்தே அதை நிறைவாக்குகின்றது. நவீன கலைஞர் களிம்பும் அறிவுரையும் கொடுத்து அனுப்புவதைப் போலவே, குறத்தி எண்ணெயும் மஞ்சளும் தடவி அனுப்பினாள். இவ்விருவரும் ஒரே தொழிலின் வாரிசுகள். முன்னவருக்கு அளிக்கும் மதிப்பைப் பின்னவளுக்கு மறுத்தல் தர்மமாகாது.

பேனாவும் புகைப்படக் கருவியும் உடைய இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலோ, மலையகத்து உறவினரிடையிலோ, பச்சை குத்திய கைகளையுடைய ஆச்சிமார் இன்னும் இருப்பார்களாயின், அவர்களுடைய அனுமதியோடு அக்கோலங்களைப் படமெடுத்து, அவற்றுக்கு அவர்கள் சொல்லும் பெயரையும், குத்திய ஊரையும், அந்நாளிற் கொடுத்த கூலியையும் எழுதி வையுங்கள். அக்கோலங்கள் ஓலையிலும் கல்லிலும் எழுதப்பட்டவையல்ல. அவற்றைத் தாங்கிய மேனியோடு அவையும் எரிந்துபோகும். தனக்கென ஓர் உருவம் தேடும் பிள்ளை, அந்நிய தேசத்துப் படப்புத்தகத்தைப் புரட்டுமுன் தன் ஆச்சியின் கையைப் பார்க்கட்டும்.