கோடு போட்ட காவிரிக்கரை – 14: குறுக்கே வந்த மோகனா

1963-ல் ஓவியர் கோபுலு ஏன் விகடனை விட்டு விளம்பர உலகத்துக்குப் போனார் என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ‘தில்லானா மோகனாம்பாள்’ வழியை மறித்துக்கொண்டு நிற்கிறாள். அவளைத் தாண்டிப் போக மனசில்லை.

‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர். கதையை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? நாயனத்துக்குச் சிக்கல் சண்முகசுந்தரம், சதங்கைக்குத் திருவாரூர் மோகனா, கலகத்துக்குச் சவடால் வைத்தி. படம் போட்ட கோபுலுவோ 1924-ல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். விகடன் ஓவியர் மாலி அவருக்கு வைத்த முதல் பரீட்சையே இந்த மண்ணில்தான். 1941 தீபாவளி மலருக்காக, தியாகராஜ சுவாமிகள் பூஜித்த ராம பட்டாபிஷேகப் படத்தைத் திருவையாற்றுக்குப் போய்ப் பார்த்து வரையச் சொன்னார். கோபாலனைக் ‘கோபுலு’ ஆக்கியவரும் அவரே. மாலி வரைந்ததைவிட, வரைய வைத்தது பெரிது என்பேன்.

கச்சேரி மேளத்தை வரைவது லேசுப்பட்ட காரியமா? நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனத்துக்கு ஒரு நீளம் உண்டு; வித்வான் அதை ஏந்துவதற்கு ஒரு சாய்வு உண்டு. வாயருகே உபரிச் சீவாளிகள் நூலில் தொங்க வேண்டும். தவில்காரருக்கு வலந்தலைப் பக்கம் விரல்களில் கூடு, தொப்பிப் பக்கம் கம்பு. ஒத்து ஊதுகிறவர் முன்னால் வந்து நிற்கக்கூடாது. இதில் ஒன்று பிசகினாலும் மாயவரத்து வாசகர் விடமாட்டார். தஞ்சாவூர்க்காரருக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்து காதிலும் கண்ணிலும் விழுந்த சங்கதி.

பிளாக் செய்து அச்சடித்த காலம் அது. மெல்லிய நிழல் தாளில் நிற்காது, கோடுதான் நிற்கும். வார்த்தையே இல்லாத ஜோக்குகள் போட்டுப் பழகிய கைக்கு அது போதும். தோளில் துண்டு கிடக்கும் விதத்திலேயே ஆளின் யோக்கியதை தெரிந்துவிடும்.

சண்முகசுந்தரத்தை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வித்தை எவ்வளவோ அவ்வளவு வீம்பு. மோகனா பட்ட பாட்டில் பாதி அவன் கொடுத்தது. என் ஓட்டு வைத்திக்கு! பெரிய மனிதர்களிடம் அவளை விலை பேசித் திரிகிற அயோக்கியன்தான். ஆனால் அவனைக் கூலிக்கு வைத்துக்கொண்டு வெள்ளை வேட்டியில் கறை படாமல் இருந்த மிராசுகளும் மைனர்களும் அவனைவிட மோசம். இந்தப் படுகையில் நெல்லோடு சேர்ந்து விளைந்த ஜாதி அது. 1968-ல் ஏ.பி.நாகராஜன் படமாக எடுத்தபோது சிவாஜி, பத்மினியை விஞ்சி நாகேஷின் வைத்தி ஜனங்கள் வாயில் நின்றதும் இதனால்தான். விகடன் வாசகர்களுக்கோ அவன் அதற்கு முன்பே கோபுலுவின் கோட்டில் அறிமுகமானவன். தொடர்கதையில் பாதியை ஓவியர்தான் எழுதுகிறார் என்று நான் சொன்னால் எழுத்தாளர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபிக்கட்டும்.

அச்சுக்கூடத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டான். ஆக, 1963 அடுத்த வாரத்துக்குப் போகிறது. கோபுலு போய்ச் சேர்ந்த விளம்பர நிறுவனமான எஃபிஷியன்ட் பப்ளிகேஷன்ஸ், பிறகு 1972-ல் சொந்தமாகத் தொடங்கிய ஆட்வேவ் இரண்டையும் அங்கே பார்ப்போம். சோப்புக்கும் சீப்புக்கும் அந்தக் கோடு போனது பத்திரிகைக்கு நஷ்டம் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு வாரம் பொறுத்திருங்கள்.

(தொடரும்)